அகாகியின் ஜீரோ, 1/48: கொழும்புக்கு வந்த விமானத்தைச் சரியாகக் கட்ட வேண்டும்

இரத்மலானை48

எல்லோருக்கும் வணக்கம். 5 ஏப்ரல் 1942, ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பின் மேல் பறந்த ஜப்பானியச் சண்டை விமானம் ஜீரோ ஒன்றை மாடலாகக் கட்டப் போகிறேன். கிட் கையில் இருக்கிறது: எடுவார்ட் நிறுவனத்தின் 1/48 அளவு, ஏ6எம்2 வகை 21 (ஜீரோவின் ஒரு வகை). என் வீடு இரத்மலானை ஓடுதளத்துக்குக் கிட்ட. அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 30ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிகேன் சண்டை விமானங்கள் கிளம்பியது இங்கிருந்துதான். 258ஆம் ஸ்குவாட்ரன் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து எழும்பியது. அந்தத் திடலில் இப்போது கடைத்தொகுதி இருக்கிறது, சனம் கோப்பி குடிக்கப் போகிறது.

ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்தன: அகாகி, சோரியூ, ஹிரியூ, ஷோகாகு, ஸுயிகாகு. குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக 36 ஜீரோக்கள். துறைமுகத்தில் டெனெடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். எந்த விமானம், வாலில் என்ன எண், மேலே என்ன நிறம், ஏப்ரல் மாதத்தில் அது எவ்வளவு அழுக்காக இருந்தது? அலமாரியில் வைக்க அழகான ஒரு ஜீரோ எனக்கு வேண்டாம். இந்த ஊரின் மேல் வந்ததை, முடிந்தவரை அது இருந்தபடியே கட்ட வேண்டும்.

பெட்டியில் வந்த வழிகாட்டித் தாளை மட்டும் நம்பிப் போக மனமில்லை. உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள்.

பழைய கப்பல்

நல்ல காரியம் தம்பி. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வீண் தேடல் இருக்காது. கொழும்புத் தாக்குதலில் பறந்த ஜீரோ விமானிகளின் பெயர்கள் ஜப்பானியப் படைப் பதிவுகளில் இருக்கின்றன. அந்தப் பதிவில் யார் எந்த அணியில், எத்தனை மணிக்குப் போனார், திரும்பினாரா என்று இருக்கும். வால் எண் எழுதும் வழக்கம் இல்லை. எஞ்சிய ஆதாரம் புகைப்படம்தான். அதிலும் இரண்டே மாதம் கழித்து, ஜூன் 1942இல் மிட்வேயில் அகாகி, சோரியூ, ஹிரியூ மூன்றும் கடலுக்கடியில் போயின. கொழும்புக்கு வந்த விமானங்களில் பல அவற்றோடுதான் போயிருக்கும்.

அதனால் இந்தத் துறையில் ஒரு வினோதம் உண்டு. நாம் மிக நன்றாக அறிந்த ஜீரோக்கள் எல்லாம் எதிரி மண்ணில் விழுந்தவை. விழுந்தால் ஆள் ஓடிப் போய்ப் படம் எடுப்பான், அளப்பான், தகட்டில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்வான். கப்பலுக்குப் பத்திரமாகத் திரும்பியது நமக்கு எதையும் விட்டுப் போவதில்லை.

ஆனால் எந்தக் கப்பல் என்று தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடியும். அடையாள முறை ஒழுங்கானது. வாலில் முதல் எழுத்து எந்த விமானந்தாங்கிப் பிரிவு என்று சொல்லும். அதற்கு அடுத்த ரோமன் எண் அந்தப் பிரிவில் எந்தக் கப்பல் என்று சொல்லும். முதல் பிரிவு 'ஏ'. அதில் ஒன்று அகாகி, இரண்டு காகா. பிறகு வரும் மூன்று இலக்க எண்ணில் சண்டை விமானங்களுக்கு 100 வரிசை, செங்குத்துக் குண்டுவீச்சுக்கு 200, டார்பிடோ விமானங்களுக்கு 300. உடலின் பின்பகுதியில் வளையம்: அகாகிக்கு ஒரு சிவப்பு, காகாவுக்கு இரண்டு சிவப்பு. காகா கொழும்புக்கு வரவில்லை என்பதால் இரண்டு சிவப்பு வளையம் உங்களுக்கு வேண்டாம்.

என் யோசனை அகாகி. அதன் குறிகளில் குழப்பம் குறைவு.

மயிலை72

நான் வேறு பக்கம் இழுக்கிறேன். ஆதாரம்தான் முக்கியம் என்றால் அகுடான் ஜீரோவை விட நல்ல ஆதாரம் உண்டா? ரியூஜோ கப்பலின் விமானம், விமானி கோகா. 4 ஜூன் 1942இல் அலூஷியன் தீவுகளில் சதுப்பில் இறங்கித் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஜூலையில் அமெரிக்கர்கள் கண்டெடுத்து, சான் டியேகோவுக்குக் கொண்டுபோய், சரிசெய்து பறக்கவே வைத்தார்கள். மூலை முடுக்கெல்லாம் படம் இருக்கிறது. 'டி ஒன்று-108', ஒற்றை மஞ்சள் வளையம்.

ரியூஜோ நம் கடலுக்கும் வந்த கப்பல்தானே. அதே ஏப்ரலில் வங்கக் கடலில் இருந்தது. 6ஆம் தேதி காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டது அதன் விமானங்கள். சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது அந்த மாதத்தில்தான். கொழும்பை விட்டுவிட்டு இதைக் கட்டினால் ஆதாரமும் இருக்கும், ஊர்த் தொடர்பும் இருக்கும்.

பழைய கப்பல்

மயிலை72, இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ரியூஜோ வங்கக் கடலுக்கு வந்தது உண்மை. ஆனால் அப்போது அதன் சண்டை விமானம் ஜீரோ இல்லை. திறந்த காக்பிட்டும் மடங்காத சக்கரமும் கொண்ட பழைய ஏ5எம்4தான் அதில் இருந்தது. வங்கக் கடல் பயணம் முடிந்து ஜப்பான் திரும்பி, அலூஷியனுக்குக் கிளம்பும் முன்தான் ஜீரோக்கள் ஏறின. விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டவை பி5என் வகை டார்பிடோ விமானங்கள். 'டி ஒன்று-108'ஐ வங்கக் கடலோடு சேர்த்து வைத்தால் அந்த மாடல் பொய் சொல்லும்.

ஆனால் அகுடான் விமானத்தை ஒதுக்கவும் கூடாது. அது மிட்சுபிஷி ஆலையில் பிப்ரவரி 1942இல் முடிந்த வகை 21. இரத்மலானை48 கட்டப்போகும் விமானத்தின் நெருங்கிய உறவு. காக்பிட் உள்ளே என்ன எங்கே இருந்தது, சக்கரக் குழி எப்படி இருந்தது, காக்பிட்டின் கண்ணாடி மூடியின் சட்டங்கள் எப்படி என்பதற்கெல்லாம் அந்தப் படங்களைப் பாருங்கள். குறிகளை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள்.

ஸ்கார்பரோ_கிட்

அகாகி என்றால் எனக்கு உடனே தோன்றுவது 'ஏ ஒன்று-155'. லெஃப்டினன்ட் கமாண்டர் இதாயா ஷிகெருவின் விமானமாகச் சொல்லப்படுவது. வாலில் அணித்தலைவருக்குரிய மஞ்சள் பட்டைகள் உண்டு. பேர்ல் ஹார்பரில் முதல் அலையின் ஜீரோக்களுக்கு அவர் தலைவர். ஏப்ரலில் கொழும்பின் மேல் அந்த 36 ஜீரோக்களுக்கும் அவரே தலைவர். பெயரும் கப்பலும் வேலையும் ஒன்றாக அமைகிற இடம் வேறு எங்கே கிடைக்கும்? டெக்காலும் (ஒட்டும் குறிப்படம்) எளிதாகக் கிடைக்கும்.

'ஏ ஒன்று-154' பக்கம் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகாகி ஜீரோக்களில் அதற்குத்தான் ஆதாரம் அதிகம், இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் வந்து நிற்கும். ஆனால் அது 7 டிசம்பர் 1941இல் ஹவாயில் கமேஹமேஹா கோட்டையில் மோதி நொறுங்கியது. கொழும்புக்கு வந்திருக்க வழியே இல்லை.

இரத்மலானை48

பழைய கப்பல் ஐயா, ஸ்கார்பரோ அண்ணா, இருவருக்கும் நன்றி. 155 மனத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது நிறம். வழிகாட்டித் தாளில் ஒரு சாம்பல், இணையத்தில் இன்னொரு சாம்பல், ஒரு நூல் பச்சை கலந்தது என்கிறது, இன்னொன்று கிட்டத்தட்ட தேன் நிறம் என்கிறது. ஒரே விமானத்துக்கு இத்தனை நிறமா?

வண்ணத்துகள்

இந்தக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன். பெயிண்ட் ஆலையில் வேலை செய்தவள் நான். இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் பெயிண்ட் எப்படி முதுமை அடைகிறது என்று பார்க்காததால் வருவது.

பல ஆண்டுகளாக எல்லா மாடல்களும் வெளிர்சாம்பலாகவே இருந்தன. காரணம் எளிது. வெயிலிலும் மழையிலும் கிடந்த உடைந்த பாகங்கள் வெளிர்சாம்பலாக இருந்தன, பார்த்தவர்கள் அதையே நிறம் என்று எழுதினார்கள். பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் வெயிலில் சிதையும்போது மேற்பரப்பில் நிறமித் துகள் பொடியாக நிற்கும். கையால் தடவினால் விரலில் ஒட்டும். நம் ஊரில் பழைய இரும்பு கேட்டைத் தொட்டால் கையில் வெள்ளையாகப் படியுமே, அதே விஷயம். அந்தப் பொடிப் படலம் அடியில் உள்ள நிறத்தை வெளிறிய சாம்பலாகக் காட்டும். பாதுகாத்து வைத்த ஜீரோத் துண்டுகளில் அந்தப் படலத்தைத் துடைத்து மெருகேற்றிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. அடியில் ஆலிவ் சாயல் கொண்ட, கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும் சாம்பல்.

இதற்கு அந்தக் காலத்து எழுத்து ஆதாரமும் உண்டு. ஜப்பானியக் கடற்படையின் விமானத் தொழில்நுட்ப ஆய்வகம் 1942 பிப்ரவரியில் மறைப்பு நிறங்கள் பற்றிய சோதனை அறிக்கை ஒன்றை எழுதியது. ஜீரோ மேல் அப்போது இருந்த நிறத்தை அது விவரிக்கிறது: நிற அட்டையில் ஜே3 என்ற சாம்பல், ஆனால் லேசாக அம்பர் பக்கம் சாய்வது. எழுதியவர்கள் புத்தம் புது விமானங்களைக் கண் முன்னால் வைத்துப் பார்த்தவர்கள். எண்பது வருடம் காட்டில் கிடந்த தகட்டைப் பார்த்து எழுதியவர்கள் இல்லை.

சிலர் 'அம்பர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு விமானத்தைக் கருப்பட்டி நிறத்தில் அடிக்கிறார்கள். அதுவும் தப்பு. அடிப்படை சாம்பல்தான். தூரத்தில் பார்த்தால் சாம்பல், வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தால் பசுமஞ்சள் சாயல் தெரிய வேண்டும். அந்த அளவில் நிறுத்துங்கள்.

இன்னொன்று, பளபளப்பு. இந்த விமானங்கள் மேட் பூச்சு இல்லை. கப்பலிலிருந்து புறப்படும் அகாகி விமானங்களின் படங்களில் வெளிச்சம் உடலில் வழுக்கி ஓடுவதைப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்தது போன்ற மேட் கிளியர் கோட் போட்டால், நிறத்தை எவ்வளவு சரியாகக் கலந்தாலும் பயனில்லை.

கோவை_செதுக்கி

வண்ணத்துகள் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. துண்டின் நிறம் வேறு, முழு விமானத்தின் நிறம் வேறு. 1/48இல் உள்ள மாடலை ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கிறோம். அதை நிஜ விமானமாகக் கணக்கிட்டால் இருபது மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறோம். அத்தனை தூரத்தில் காற்று நிறத்தை மங்கச் செய்யும், வெளிறச் செய்யும். தகட்டில் கண்ட நிறத்தை அப்படியே மாடலில் அடித்தால் கனமாகத் தெரியும். நான் எப்போதும் கொஞ்சம் வெள்ளை கலந்துதான் அடிப்பேன். என் கண்ணுக்கு அதுதான் நிஜம்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் ஜீரோக்களும் வெளிர்நிறமாகத்தானே இருக்கின்றன?

வண்ணத்துகள்

வெள்ளை கலப்பதை எதிர்க்கவில்லை அண்ணா. எந்த நிறத்தோடு கலக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆலிவ் சாய்வுள்ள சாம்பலோடு வெள்ளை கலந்தால் அதே சாய்வு வெளிறி நிற்கும். நடுநிலைச் சாம்பலோடு கலந்தால் சாய்வே இல்லாமல் போகும். ஆரம்பம் சரியாக இருக்கட்டும், வெளிறச் செய்வது அவரவர் கண்.

அருங்காட்சியக விமானங்கள் பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டவை. கன்பெராவில் போர் நினைவகத்தில் நிற்கும் 'வி-173' தைனான் அணியின் விமானம், நல்ல மறுசீரமைப்பு. அதன் வடிவத்தையும் தகடு இணைப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நிறத்துக்கு மட்டும் மறுசீரமைப்பில் அடித்த புதுப் பூச்சைச் சாட்சியாக எடுக்கக் கூடாது.

கலவை வேண்டுமென்றால் நான் செய்வது இது. தாமியா பெயிண்டில் எக்ஸ்எஃப்-76 அடிப்படை. அதில் கொஞ்சம் வெள்ளை, பிறகு டெசர்ட் யெல்லோ எக்ஸ்எஃப்-59 சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு சொட்டுக்கும் பிறகு பிளாஸ்டிக் தகட்டில் அடித்து, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், மேலே கிளியர் கோட் ஏறினால் மூன்றாவது நிறம்.

துணி போர்த்திய பாகங்களை மறக்க வேண்டாம்: வாலின் சுக்கான், உயர்த்தி, இறக்கையின் எய்லரான்கள். துணியில் பூச்சு வேறு, முதுமையும் வேறு. அவற்றை ஒரு படி சாம்பல் பக்கம் மாற்றி அடித்தால் படங்களில் தெரியும் வித்தியாசம் வந்துவிடும். எஞ்சினைச் சுற்றிய முன் மூடிக்குக் கறுப்பு அடிக்க வேண்டாம். மிட்சுபிஷி விமானங்களில் அது நீலம் கலந்த கறுப்பு. மிஸ்டர் கலர் பெயிண்டில் 125 அதற்கென்றே வருவது.

கோவை_செதுக்கி

சரி, ஆரம்ப நிறத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். வெள்ளை என் இஷ்டம்.

இப்போது நான் பேச வேண்டியது வடிவம். எல்லோரும் நிறத்திலேயே மூழ்கிவிடுகிறார்கள். கண்காட்சிகளில் ஜீரோ மாடல்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் உறுத்துவது துப்பாக்கிதான். வகை 21இல் இறக்கையில் உள்ள 20 மி.மீ. பீரங்கிகள் குட்டைக் குழாய் கொண்டவை. குழாய் இறக்கைக்குள்ளேயே முடிந்துவிடும், விளிம்பில் ஓட்டை மட்டும் தெரியும். நீளமாகக் குழாய் நீட்டிக்கொண்டிருப்பது பிந்தைய வகைகளில். பித்தளைக் குழாய் வாங்கிவிட்டோமே என்பதற்காக அதை நீட்டி ஒட்டினால் 1943க்குப் போய்விடுவோம். அதேபோல் எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகை வெளியேறும் குழாய்): வகை 21இல் எஞ்சின் மூடிக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு வாய். தனித்தனிக் குழாய்கள் வகை 52இல் வந்தவை. காற்று உள்ளே போகும் வாய் மூடிக்குக் கீழே. மேலே இருந்தால் அது வகை 32 அல்லது அதற்குப் பிந்தையது.

இறக்கை நுனி ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் மடங்கும், கப்பலின் லிஃப்டில் நுழைவதற்காக. முழு அகலம் 12 மீட்டர், 1/48இல் 25 செ.மீ. மடித்துக் காட்டலாம், ஆனால் கொழும்புக்குப் பறந்த விமானத்துக்கு எதற்கு?

பேனல் கோடுகளில் (தகடுகள் இணையும் கோடுகள்) வாஷ், அதாவது நீர்த்த அடர்நிறப் பெயிண்ட், ஊற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 0.3 மி.மீ. அகலத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் நிஜத்தில் அது 14 மி.மீ. இடைவெளி. ஜீரோவை வடிவமைத்த ஹோரிகோஷி ஜிரோ எடையைக் குறைக்க ஒவ்வொரு கிராமாகச் சண்டை போட்டவர். தலை வெளியே துருத்தாத ரிவெட் போட்டு, உடலை வழுவழுப்பாக வைத்தவர். அவர் செய்த விமானத்தில் விரல் நுழையும் இடைவெளியா? வாஷின் நிறம் பூச்சின் நிறத்தை விட ஒரு படி மட்டும் அடர்த்தியாக இருந்தால் போதும். எடுவார்டின் ரிவெட்டுகள் பார்க்க அழகு. ஆனால் அவற்றின் மேல் அடர்ந்த வாஷ் போட்டால் விமானத்துக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிடும்.

இரத்மலானை48

சக்கரக் குழிக்கு என்ன நிறம்? பெட்டிப் படங்களில் ஒளி ஊடுருவும் நீலப்பச்சை அடித்திருக்கிறார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

பழைய கப்பல்

அந்த நீலப்பச்சை உலோகத்தைக் காக்கும் அரக்குப் பூச்சு. விமானத்தின் மூடிய உட்பகுதிகளில், உடலின் உள்ளே பின்பக்கம், தாராளமாக இருக்கும். சக்கரக் குழியில் அதை விட்டது நாகாஜிமா ஆலை. மிட்சுபிஷி கட்டிய வகை 21இல் சக்கரக் குழிக்கும் வெளிப்பூச்சின் நிறமே. கால்கள் பளபளப்பான கறுப்பு.

எந்த ஆலை என்பதை இந்தச் சந்தர்ப்பத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள், பல விஷயம் அதைப் பொறுத்தது. நாகாஜிமா ஜீரோ கட்ட ஆரம்பித்ததே 1941இன் கடைசியில். பேர்ல் ஹார்பருக்குப் போன அகாகி விமானம் என்றால் மிட்சுபிஷிதான். அப்படியானால் காக்பிட் உள்ளே மிட்சுபிஷிப் பச்சை, அதாவது மிஸ்டர் கலர் 126 (127 நாகாஜிமாவுக்கு). உடல் பக்கத்துச் சிவப்பு வட்டத்துக்கு வெள்ளை விளிம்பு வேண்டாம். அந்த விளிம்பு நாகாஜிமா விமானங்களில் வந்தது.

ப்ரொப்பெல்லரும் அதே கணக்குத்தான். முன்பக்கம் வெறும் உலோகம், நுனியில் சிவப்புப் பட்டைகள். பின்பக்கம் மட்டும் விமானியின் கண் கூசாமல் இருக்க அடர் பழுப்பு. முழுப் பழுப்பும் மஞ்சள் நுனியும் பிற்காலம்.

மயிலை72

ரியூஜோ விஷயத்தில் விளக்கத்துக்கு நன்றி ஐயா. அந்த ஏ5எம்4ஐயும் ஒருநாள் கட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

நம் சீதோஷ்ணத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொழும்பும் சென்னையும் இதில் ஒன்றுதான். மழை மாதத்தில் லாக்கர் அடித்தால் காயும்போது மேலே வெண்படலம் பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகிற இடத்தில் பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பளபளப்பான ஜீரோவுக்கு இது பெரிய கேடு. மெதுவாகக் காயும் தின்னர் வாங்குங்கள், மிஸ்டர் லெவலிங் தின்னர் இதற்குப் பொருத்தம். ஏசி அறையில் ஈரம் குறைந்த பிறகு அடியுங்கள். கம்ப்ரஸருக்கும் ஏர்பிரஷுக்கும் நடுவில் ஈரம் பிடிக்கும் குப்பி இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். பெயிண்டும் தின்னரும் தீப்பற்றும் சரக்கு என்பதால் விமான அஞ்சலில் வாங்க மாட்டார்கள், உள்ளூரில் யார் வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பாருங்கள்.

சிவப்பு வட்டத்துக்கு டெக்கால் போடாதீர்கள். வட்டமாக மாஸ்க் வெட்டிப் பெயிண்ட் அடித்தால் ரிவெட்டின் மேலும் கோட்டின் மேலும் அது பூச்சாகவே உட்காரும். டெக்கால் விளிம்பு பளபளப்பான விமானத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

இரத்மலானை48

எனக்கு மிச்சம் இருக்கும் பெரிய சந்தேகம் பூச்சு உரிதல். ஜீரோ மாடல் என்றால் பாதி உடல் வெள்ளி நிறமாக உரிந்து கிடப்பதைத்தான் பார்த்துப் பழகிவிட்டோம். ஏப்ரல் 1942இல் அகாகியில் எப்படி?

வண்ணத்துகள்

அந்தப் படங்கள் ராபவுல், சாலமன் தீவுகள் பக்கத்து விமானங்கள், அதுவும் பிந்தைய ஆண்டுகள். பவளத் தூள் பறக்கும் ஓடுதளம், நிழலில்லாத வெயில், அவசரமாக அடித்த பச்சைப் பூச்சு. உங்கள் விமானம் வேறு பிறவி. போரின் ஆரம்பத்தில் மிட்சுபிஷி விமானங்களில் தகட்டுக்கு மேல் செம்பழுப்பு பிரைமர் அடித்து அதற்கு மேல் பூச்சு ஏற்றினார்கள். அந்தப் பிடிப்பு நல்ல பிடிப்பு. கப்பலின் ஹேங்கரில் நிழலில் இருந்தது, பராமரிக்க ஆட்கள் இருந்தார்கள். விமானி ஏறும் இடத்திலும் எஞ்சின் மூடியின் பூட்டுகளைச் சுற்றியும் லேசாகத் தேய்ந்திருக்கும். அங்கேயும் முதலில் தெரிவது செம்பழுப்பு, வெள்ளி அதற்கும் ஆழத்தில். வெள்ளிப் பென்சிலை எடுத்து உள்ளே வையுங்கள்.

பழைய கப்பல்

அதோடு அந்த நான்கு மாதம் எப்படிக் கழிந்தது என்றும் பாருங்கள். டிசம்பரில் பேர்ல் ஹார்பர், ஜனவரியில் ராபவுல், 19 பிப்ரவரியில் டார்வின், மார்ச்சில் ஜாவா பக்கம், ஏப்ரலில் நம் கடல். ஓய்வில்லாத ஓட்டம். அதனால் புத்தம் புதிது போலவும் காட்டக் கூடாது. எக்ஸாஸ்டுக்குப் பின்னால் இறக்கையின் அடியில் புகைக்கறை, துப்பாக்கி வாயில் கரி, எண்ணெய் கொஞ்சம். மேற்பரப்பில் பளபளப்பு ஒரு படி மங்கல். உரிதல் இல்லாமல் உழைப்பைக் காட்ட வேண்டும், அதுதான் கஷ்டமான வேலை.

வயிற்றுக்கடியில் 330 லிட்டர் எரிபொருள் தொட்டியை மாட்டுங்கள். காவல் பணிக்கு இவ்வளவு தூரம் வந்த விமானம் அது இல்லாமல் கிளம்பியிருக்காது.

155 பற்றியும் நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இதாயா கொழும்புக்கு வந்தார், சரி. அதே விமானம் வந்ததா? நான்கு மாதத்தில் விமானங்கள் மாறும். தலைவர் புது விமானத்துக்கு மாறியிருக்கலாம், எண்ணும் மாறியிருக்கலாம். 155க்கு நம்மிடம் உள்ள அடிப்படை எல்லாம் டிசம்பர் 1941ஐச் சேர்ந்தது. அந்த அடிப்படையில் கட்டிவிட்டு 'கொழும்பு, 5 ஏப்ரல் 1942' என்று பலகை வைக்கலாமா?

ஸ்கார்பரோ_கிட்

ஐயா, இவ்வளவு கடுமையாகப் பார்த்தால் கொழும்பு ஜீரோவையே யாரும் கட்ட முடியாது. ஹவாயில் அகாகி இழந்த ஜீரோ ஒன்றே ஒன்று, அந்த 154. மற்றவை திரும்பி வந்தன. அதே தலைவர், அதே கப்பல், நான்கே மாதம். 155உம் அவரோடு வந்தது என்று எடுத்துக்கொள்வது நியாயமான ஊகம். வரலாற்று நூல் எழுதுபவர்களே இதை விடப் பலவீனமான ஊகங்களின் மேல் வீடு கட்டுகிறார்கள்.

பழைய கப்பல்

ஊகம் நியாயமானதுதான். அதை ஊகம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நூலில் ஊகத்தைக் காட்ட 'இருக்கலாம்' என்று ஒரு சொல் போடலாம். மாடலுக்கு அப்படிச் சொல் கிடையாது. வாலில் 155 என்று அடித்தால் அது 155தான். பார்க்க வரும் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பலகையில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

கோவை_செதுக்கி

எண்ணே போடாமல் விட்டால்? சிவப்பு வளையம் மட்டும், வாலில் 'ஏ ஒன்று' வரைக்கும்?

ஸ்கார்பரோ_கிட்

அப்படி ஒரு விமானம் பறக்கவே இல்லையே. தெரியாத எண்ணை விட நிச்சயமாக இல்லாத வால் மோசம்.

இரத்மலானை48

மூன்று பேர் சொன்னதையும் படித்துவிட்டு முடிவுக்கு வந்துவிட்டேன். 155ஐக் கட்டுகிறேன், ஆனால் டிசம்பர் 1941 விமானமாக. நமக்குள்ள அடிப்படை அந்த நாளுக்கு உரியது, மாடலும் அந்த நாளுக்கு உரியதாக இருக்கட்டும். பூச்சு புதிது, நல்ல பளபளப்பு, கறை மிகக் குறைவு. பலகையில்: 'மிட்சுபிஷி ஏ6எம்2 வகை 21, அகாகி, டிசம்பர் 1941'. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், இந்த விமானத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இதாயா 5 ஏப்ரல் 1942இல் கொழும்பின் மேல் வந்த ஜீரோக்களுக்குத் தலைமை தாங்கினார் என்று. எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவும் அதில் வந்துவிடுகிறது.

கொழும்பு நாளுக்கு இரத்மலானை ஹரிகேன் ஒன்றைத் தனியாகக் கட்டுவேன். அதற்குத் தேடல் இங்கே, என் ஊரில்தான் தொடங்க வேண்டும். அதற்கு வேறு இழை திறக்கிறேன்.

பழைய கப்பல்

இதற்கு மேல் நான் என்ன கேட்பேன். பலகை வாசகம் அப்படியே இருக்கட்டும்.

வண்ணத்துகள்

டிசம்பர் என்றால் நிறத்தில் வெள்ளையைக் குறைத்து, சாய்வைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். பூச்சு இன்னும் பொடியாகாத காலம். கோவை அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது.

கோவை_செதுக்கி

கோபமில்லை. புது விமானத்துக்கு நானும் அப்படித்தான் அடிப்பேன்.

மேல்தளத்தின் மேல் நிறுத்தப் போகிறீர்களா, தனியாகவா? மேல்தளம் என்றால் இரண்டு விஷயம். ஜப்பானியக் கப்பல்களில் பலகைகள் கப்பலின் நீளவாக்கில் ஓடும். கடையில் கிடைக்கும் அமெரிக்கத் தளங்களில் குறுக்காக ஓடும், அதை வாங்கிவிடாதீர்கள். அப்புறம், அகாகியின் கட்டளைக் கோபுரம் இடப்பக்கம். விமானத்தின் மூக்கு கப்பலின் முன்பக்கம் பார்த்தால், கோபுரத்தின் அடி தெரிய வேண்டியது விமானியின் இடது கைப்பக்கம்.

இரத்மலானை48

மேல்தளம்தான். பலகைகளை மெல்லிய மரப்பட்டையில் நானே வெட்டப் போகிறேன். கோபுரம் வராது, பலகைகளும் சக்கரத் தடுப்புக் கட்டைகளும் மட்டும். காக்பிட்டின் பச்சை இன்று ஏறியாயிற்று. இருக்கையின் ஓட்டைகளைத் துளைத்து முடித்ததும் படம் போடுகிறேன். 7.7 மி.மீ. துப்பாக்கிகளின் பின்பகுதி காக்பிட்டுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் இடத்தில் நிறம் என்ன என்று யாராவது அகுடான் படங்களைப் பார்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.